நட்டு நாலு சுற்றில் நின்றது: பழைய காருக்கு அகலச் சில்லு போடப் போகிறவர்களுக்கு

திருகோணமலையில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறோம். ஆனாலும் இதை எழுதாமல் விட மனம் வரவில்லை. போன வருடம் என் மனைவியையும் மகனையும், நாலே சுற்றுப் பிடியில் நின்ற சில்லு நட்டுகளை நம்பிக் காரில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். அது எனக்குத் தெரியாமலே நடந்தது.

என்னுடையது 1967ஆம் ஆண்டு எம்ஜிபி ஜிடி. பெரியப்பா சீனக்குடாவில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது. அவர் போனபிறகு என் கைக்கு வந்தது. 14 அங்குல இரும்பு ரிம், 5 அங்குல அகலம், 165 ஆர் 14 டயர், அதாவது 165 மில்லிமீட்டர் அகலம், 14 அங்குல ரிம்முக்கு. பெரியப்பா ஐந்து ரிம்முக்கும் உள்பக்கம் சிவப்பு ஒக்சைட் அடித்து, வெள்ளைப் பெயின்டால் 1 முதல் 5 வரை இலக்கம் எழுதியிருந்தார். எந்தச் சில்லு எந்தப் பக்கம் எவ்வளவு ஓடியது என்று கொப்பியில் கணக்கு வைத்திருந்த மனிதர். 5 என்பது ஸ்பெயார்.

டயர்கள் வெடிப்பு விட்டதால் டவுனில் ஒரு கடைக்குப் போனேன். முறைப்பாடு இன்னும் முடியவில்லை, அதனால் கடையின் பெயரை எழுதவில்லை. “14இல இந்தச் சைஸ் இப்ப எங்கயும் இல்ல தம்பி. 15க்கு மாறுங்க, கார் பார்க்க வேற மாதிரி இருக்கும்” என்றார் முதலாளி. ஜப்பான் காரில் இருந்து கழற்றிய அலோய் ரிம் நாலு காட்டினார். 7 அங்குல அகலம். அதற்கு 195/50 ஆர் 15 டயர், புத்தம் புதிது என்றார். எனக்கும் அகலச் சில்லில் ஆசை இருந்தது. பொருந்துமா என்று கேட்டேன். “நாலு ஓட்டை, 114.3. உங்கட காருக்கும் அதேதான். அப்படியே ஏறும்.”

அவர் சொன்ன அந்த இலக்கம் உண்மை. எம்ஜிபியின் நாலு ஸ்டட்டும் (நட்டு பூட்டும் புரி ஆணிகள்) நாலரை அங்குல வட்டத்தில் நிற்கின்றன, அதாவது 114.3 மில்லிமீட்டர். பழைய ஜப்பான் கார்கள் பலவற்றிலும் அதே அளவுதான். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபோதும் அது சரியாக இருந்ததால், மற்றதும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டேன். டயர், ரிம், கூலி எல்லாம் சேர்த்து 2 இலட்சத்து 35 ஆயிரம் ரூபா கொடுத்தேன்.

ஓட்டை பொருந்தினால் ரிம் ஏறும், அவ்வளவுதான். ஏறிய ரிம் எங்கே நிற்கும் என்பதை ஓஃப்செட் என்ற இன்னோர் அளவு தீர்மானிக்கிறது. ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் (சில்லைப் பூட்டும் அச்சு முனை) ஒட்டும் முகம் எவ்வளவு வெளியே தள்ளி இருக்கிறது என்பதுதான் அது. ரிம்மின் முதுகில், கம்பிகளின் பின்னால், பொறித்திருப்பார்கள். எனக்குக் கொடுத்ததில் 40 என்று இருந்தது, மில்லிமீட்டர் கணக்கு. எம்ஜிபியின் இரும்பு ரிம்மில் ஏறத்தாழ அதில் பாதிதான். அகலமும் கூடி, ஓஃப்செட்டும் கூடினால், சில்லு முழுக்க உள்ளே போகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: உள்விளிம்பு முன்பைவிட 4 சென்டிமீட்டர் உள்ளே. அங்கே இருப்பது பின்பக்கத்து லீஃப் ஸ்பிரிங், காரின் பாரத்தைத் தாங்கும் இரும்புப் பட்டை அடுக்கு.

சில்லு அங்கே முட்டியதைக் கடைக்காரர்கள் கண்டிருக்கிறார்கள். நான் முன்னால் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், நாலு சில்லிலும் ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் 15 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு ஒன்றைச் செருகிப் பூட்டிவிட்டார்கள். ஸ்டட் பழைய நீளம்தான். தகடு தின்ற நீளம் போக நட்டுக்கு என்ன மிஞ்சும்? ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை. பில்லிலும் இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கோணேசர் கோயிலுக்குப் போய் சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைத்து வரலாம் என்று கிளம்பினோம். கோட்டை வாசலைத் தாண்டி முழுசாகத் திருப்பும்போது முன்பக்கம் ‘கர்ர்’ என்று ஒரு உரசல். ஸ்டியரிங்கும் கனத்துப் போயிருந்தது. இந்தக் காருக்குப் பவர் ஸ்டியரிங் கிடையாது. மீட்டர் 60 காட்டும்போது போன் 55 காட்டியது. காரணம் எளிது, புதுச் சில்லின் மொத்த உயரம் பழையதைவிட 5 சென்டிமீட்டர் குறைவு. கடைக்குப் போன் எடுத்தேன். “புது டயர், கொஞ்சம் ஓடப் பழகிடும்” என்றார்கள். அந்தப் பதிலை நான் ஏற்றிருக்கவே கூடாது.

இரண்டு கிழமை கழித்து ஒரு கல்யாணத்துக்குக் குருநாகல் பக்கம் புறப்பட்டோம். பின்னால் பெட்டிகள். கந்தளாயை நெருங்கும்போது ரப்பர் கருகும் மணம். ரோட்டோரப் பஞ்சர் கடை ஒன்றில் நிறுத்தினேன். கடைக்கார நானா குனிந்து பார்த்தார், இடது பின் சில்லின் நட்டில் கையை வைத்தார். சாவி இல்லாமல், விரலாலேயே அது திரும்பியது. என்னை நிமிர்ந்து பார்த்தார். “தம்பி, புள்ளையையும் வச்சிக்கிட்டா இதுல வந்தீங்க?”

சில்லைக் கழற்றிப் புரட்டினால், டயரின் உள்சுவர் வட்டமாக அறுபட்டு நூல் வெளியே தெரிந்தது. பல எம்ஜிபிகளில் இடது பின்பக்கம் வலதைவிட நெருக்கமாக இருக்கும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். தகடும் அப்போதுதான் வெளியே வந்தது. நானா மற்ற மூன்று சில்லிலும் ஒவ்வொரு நட்டைக் கழற்றி எண்ணச் சொன்னார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலாவது சுற்றில் கையோடு வந்துவிட்டது. பிறகு பெரியப்பாவின் 5ஆம் இலக்க ஸ்பெயாரைப் போட்டு அதன் நட்டைப் பூட்டினோம். பதினொரு சுற்று எண்ணினேன்.

இதை எல்லோரும் செய்து பார்க்கலாம். ஸ்டட்டின் தடிப்பு எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு ஆழமாவது நட்டு பிடிக்க வேண்டும். எம்ஜிபியில் ஸ்டட் அரை அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. ஆக, 10 முழுச் சுற்று. அதற்குக் குறைந்தால் அந்தக் காரை ரோட்டுக்கு எடுக்காதீர்கள். தகடு போட்டே ஆகவேண்டும் என்றால் நீளமான ஸ்டட்டும் மாற்ற வேண்டும், அதை உங்களிடம் சொல்லிக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

கல்யாணத்துக்குப் போகவில்லை. மனைவியையும் மகனையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, மற்ற மூன்றிலும் தகட்டைக் கழற்றினோம். பின் வலது சில்லு ஸ்பிரிங்கில் முட்டி நின்றது. கடைசியில் லொறி பிடித்துத்தான் கார் வீடு வந்தது.

அறுபட்ட டயரை வீட்டு முற்றத்தில் போட்டுப் பார்த்தபோது உள்பக்கத்தில் ஒரு நீள்வட்டத்துக்குள் 3115 என்று கண்டேன். 2015ஆம் ஆண்டின் 31ஆவது கிழமை. எனக்குப் புதிது என்று விற்றது 2024இல். மேலே ரப்பர் முடி எல்லாம் அப்படியே இருந்ததால் சந்தேகமே வரவில்லை. இந்த நாலு இலக்கம் பல டயர்களில் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். நாலையும் கழற்றினேன், நாலிலும் அந்தப் பக்கம் உள்ளே பார்த்தபடி பூட்டப்பட்டிருந்தது. ஒன்றென்றால் தற்செயல் எனலாம். டயரை ரிம்மில் ஏற்றும் முன்பே இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள்.

அடுத்த நாள் கடைக்குப் போனேன். காசை விடுங்கள், என் பழைய ரிம் நாலையும் தாருங்கள் என்று கேட்டேன். அதைச் சொல்லும்போதுதான் எனக்குக் கை நடுங்கியது. “பழைய இரும்புதானே, சாமான்காரன் வந்தான், தூக்கிக் குடுத்திட்டம்” என்றார்கள். எந்தச் சாமான்காரன் என்று கேட்டால் தெரியாதாம். டயரைப் பற்றிக் கேட்டதற்கு, தகடு போட்டது நான் சொல்லித்தான் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 1977க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தள்ளிப் போடாதீர்கள். என்னிடம் பில் இருந்தது, ஆனால் அதில் “டயர் 4, ரிம் 4” என்று மட்டுமே இருக்கிறது. அளவு, தயாரித்த கிழமை, தகடு, பழைய சாமான் யாரிடம் என்பதெல்லாம் எழுதி வாங்கியிருந்தால் இன்று பேச இடம் இருந்திருக்கும்.

அப்புறம், இந்தக் காருக்கு அகலம் கூட்ட வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். அதே 5 அங்குல இரும்பு ரிம்மில் 185/70 ஆர் 14 அழகாக உட்காரும். உயர வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர்தான். கொழும்பில் ஒரு மெக்கானிக் பாஸிடம் விசாரித்தேன், அந்த அளவு டயர் இங்கே தாராளமாகக் கிடைக்கிறது என்றார். 14ஐ விட்டு 15க்கு மாறத்தான் வேண்டும் என்பதுபோலக் கடைக்காரர் பேசியதும் பொய்.

கார் இப்போது வீட்டில் கட்டையில் நிற்கிறது. கந்தளாய், கிண்ணியா, மூதூர், நிலாவெளிப் பக்கம் பழைய இரும்புக் கடைகளில் யாராவது கண்டால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்: 14 அங்குலம், நாலு ஓட்டை, உள்பக்கம் சிவப்பு ஒக்சைட், வெள்ளையில் 1, 2, 3, 4. கேட்கும் விலையைக் கொடுக்கிறேன். 5 என்னிடம் இருக்கிறது.