ஆய்வேட்டு மேற்கோள்களை "மாற்றித் தரும்" கடைகளிடம் எச்சரிக்கை

ஆய்வேடு முடிக்கும் தறுவாயில், நூல் விவரங்களைச் சேர்த்துவைத்து வேர்டில் மேற்கோள்களைச் செருக உதவும் மென்பொருள்களில் மெண்டலியிலிருந்து ஸோட்டேரோவுக்கு மாறுகிறவர்களே, அந்த வேலையைத் தட்டச்சுக் கடைகளிடம் ஒப்படைக்காதீர்கள். பைண்டிங் அவர்களுக்குக் கைவந்த கலை; இது அப்படியில்லை. பல்கலைக்கழக வாசலில் உள்ள ஒரு கடை 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டு என் நூல் தொகுப்பைக் குதறிவைத்திருக்கிறது.

"எல்லாம் அப்படியே வந்துவிடும் சார், வேர்டு கோப்பையும் சரிசெய்து தருகிறோம்" என்றார் கடைக்காரர். செய்தது என்னவென்றால், தொகுப்பை ஆர்.ஐ.எஸ். கோப்பாக (நூல் விவரங்களை வெறும் எழுத்தாகக் கொண்டுசெல்லும் வடிவம்) எடுத்து, நோட்பேடில் திறந்து ஏதோ திருத்தி, ஆன்சி என்ற பழைய எழுத்துக் குறியாக்கத்தில் சேமித்து ஸோட்டேரோவில் ஏற்றியிருக்கிறார்கள். ஆன்சியில் தமிழ் எழுத்து நிற்காது. ஆங்கிலக் கட்டுரைகள் தப்பித்துவிட்டன. தமிழ் நூல்களிலோ தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம் எல்லாமே வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள். ஆண்டும் பக்க எண்ணும் மட்டும் பத்திரம். "????? ????????, 1987" என்பது எந்த நூல் என்று யாரைக் கேட்பது? ஆர்.ஐ.எஸ். வடிவத்தில் கோப்புறைகளுக்கு இடமில்லாததால், இயல்வாரியாகப் பிரித்து வைத்திருந்தவை ஒரே குவியலாகிவிட்டன. பிடிஎஃப் பக்கங்களில் மஞ்சள் பூசி எழுதிய குறிப்புகளும் வரவில்லை. மெண்டலி அவற்றைத் தன் தரவுத்தளத்தில்தான் வைத்திருக்கும்.

வேர்டில் செய்தது பச்சை ஏமாற்று. மென்பொருளோடு இணைந்திருந்த மேற்கோள்கள் எல்லாவற்றையும் வெறும் எழுத்தாக மாற்றிவிட்டார்கள். பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. நெறியாளர் மேற்கோள்களை ஏபிஏ (APA) என்ற நடையிலிருந்து எம்எல்ஏ (MLA) என்ற நடைக்கு மாற்றச் சொன்னபோதுதான் குட்டு வெளிப்பட்டது: பொத்தானை அழுத்தினால் ஒரு அடைப்புக்குறிகூட அசையவில்லை. நீங்களே சோதிக்கலாம். மேற்கோளின் மேல் சொடுக்கினால் சாம்பல் நிறம் படர வேண்டும். ஆல்ட், எஃப்9 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் நீண்ட குறிமுறை விரிய வேண்டும். இரண்டும் இல்லையென்றால் இணைப்பு அறுந்துவிட்டது.

கடைக்காரரிடம் கேட்டதற்கு, "அச்சில் சரியாகத்தானே வருகிறது?" என்றார். பணமும் திரும்பவில்லை.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், இந்த வேலைக்கு ஒரு பைசாகூடத் தேவையில்லை. 2018இல் வந்த 1.19 பதிப்பிலிருந்து மெண்டலி தன் தரவுத்தளத்தைப் பிற மென்பொருள்கள் படிக்க முடியாதபடி பூட்டிவிட்டது உண்மைதான். ஆனால் ஸோட்டேரோவின் இறக்குமதிப் பட்டியலிலேயே மெண்டலி என்ற தேர்வு இருக்கிறது. அதில் மெண்டலி கணக்கின் வழியாக உள்நுழைந்தால் கோப்புறை, பிடிஎஃப், குறிப்புகள் எல்லாம் வருகின்றன. அதற்கு முன் பிடிஎஃப்கள் மெண்டலி கணக்கில் முழுமையாக ஏறியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஸோட்டேரோ இலவசமாகத் தரும் 300 எம்பி போதாதே என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது இணையச் சேமிப்புக்கான வரம்பு. உங்கள் கணினியில் எவ்வளவும் வைத்துக்கொள்ளலாம்.

என் மெண்டலி கணக்கு அழியாமல் இருந்ததால் தொகுப்பை நானே மீட்டுவிட்டேன். பழைய மெண்டலி டெஸ்க்டாப்பில் செருகிய மேற்கோள்களை ஸோட்டேரோ அடையாளம் கண்டுகொள்கிறது. அதனால் கடைக்குக் கொடுக்கும் முன்பே நெறியாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிய மூன்று இயல்கள் பிழைத்தன. மற்றவற்றில் ஒவ்வொரு மேற்கோளையும் கையால் செருகிக்கொண்டிருக்கிறேன். இப்போது ஐந்தாம் இயல்.