"ஒரு வருஷத்துக்குக் கட்டினாதான் விடாம வருவீங்க" என்று சொல்லும் ஜிம்மில் கட்டாதீர்கள்: 42,000 ரூபாய் போச்சு

42,000 ரூபாய். இன்று மதியம்தான் கடைசிப் பதில் வந்தது: "பாலிசி படி ரீஃபண்ட் கிடையாது சார்." அந்தச் சூட்டிலேயே எழுதுகிறேன். ஜிம்மின் பெயரைப் போடவில்லை. சென்னையில் ஐடி கம்பெனிகள் வரிசையாக இருக்கும் சாலையில், கண்ணாடி முகப்பு, ஏசி, பல கிளைகள், சொந்த ஆப் என்று இருக்கும் வகை. பணம் எந்தெந்த இடத்தில் எப்படிப் போகிறது என்று முதலில் சொல்கிறேன். யாருக்கும் பெரிய தொகை கட்டாமல் உடற்பயிற்சியை விடாமல் தொடர்வது எப்படி என்று கடைசியில் எழுதுகிறேன்.

கணக்கு இது: 12 மாத மெம்பர்ஷிப் 18,000. பெர்சனல் ட்ரெய்னிங் 36 செஷன் 24,000. மொத்தம் 42,000 ரூபாய், மாதம் 3,500 வீதம் 12 மாத "நோ காஸ்ட் இஎம்ஐ".

விற்பனை தொடங்குவது உடல் கொழுப்பு அளக்கும் மெஷினில். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்று, இரண்டு கைப்பிடியையும் பிடித்தால் ஒரு நிமிஷத்தில் காகிதம் வந்துவிடும். கொழுப்பு 31 சதவீதம், வயிற்றுக்குள் கொழுப்பு லெவல் 13, "உடம்பின் வயசு" 46. "உங்க வயசு 38 தானே சார்? உடம்பு 46 காட்டுது பாருங்க." அதன் பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொல்வார்கள்: "தனியா வர்றவங்க மூணாவது வாரத்துல நின்னுடுவாங்க சார். பணத்தைக் கட்டிட்டா மனசு தானா வரும். கீழ ட்ரெய்னர் காத்துக்கிட்டிருக்கார்னா காலைல எழுந்துடுவீங்கல்ல? 21 நாள் வந்துட்டீங்கன்னா பழக்கம் ஆயிடும். அதுக்கு நான் பொறுப்பு."

கை பேனாவை எடுப்பது இந்த இடத்தில்தான். உடற்பயிற்சி தொடங்கிப் பாதியில் விட்ட யாருக்கும் அது சுருக்கென்று தைக்கும். எடை தூக்கத் தெரியாதது யாருக்கும் பெரிய பிரச்சினை இல்லை, விட்டுவிடுவதுதான் பிரச்சினை. அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். "நான் பொறுப்பு" என்ற சொல்லுக்குத்தான் 42,000 ரூபாய்.

இப்போது ஒவ்வொன்றாகப் பாருங்கள். அந்த மெஷின் கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. உடம்பில் லேசான மின்சாரத்தை ஓடவிட்டு, எதிர்ப்பை வைத்து நீரின் அளவைக் கணித்து, அதிலிருந்து கொழுப்பை ஊகிக்கிறது. சாப்பிட்ட பிறகு, தண்ணீர் குடித்த பிறகு, வியர்த்த பிறகு என்று ஒரே நாளில் எண் மாறும். ஒரே நேரத்தில், ஒரே நிலையில், உதாரணத்துக்குக் காலை வெறும் வயிற்றில், மறுபடி மறுபடி எடுத்தால்தான் ஒப்பிடவே முடியும். இங்கே முதல் அளவு மாலை டிபனுக்குப் பிறகு, இரண்டாவது அளவு காலையில். "பாருங்க சார், குறைஞ்சிருக்கு!" என்றார்கள். அந்த வித்தியாசத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது.

21 நாள் கதையும் அப்படித்தான். பழக்கம் உருவாவதைப் பற்றி லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர சுமார் 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை. தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சிக்கு அதிகக் காலம் பிடித்தது. ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. 21 நாளில் ஆகவில்லையே என்று ஒருவர் சோர்ந்து நின்றுவிட்டால் ஜிம்முக்கு நஷ்டமில்லை, இடம்தான் காலியாகிறது.

"பணம் கட்டினா மனசு வரும்" என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். டெல்லாவிக்னா, மால்மென்டியர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்க ஜிம்கள் மூன்றின் கணக்கை எடுத்து 2006-ல் கட்டுரை வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதம் 4 தடவை சொச்சம்தான் போயிருக்கிறார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்திருக்கிறது. அதே ஜிம்மில் 10 தடவைக்கான பாஸ் எடுத்திருந்தால் தடவைக்கு 10 டாலர்தான். முன்பணம் யாரையும் படுக்கையிலிருந்து எழுப்பவில்லை.

அடுத்தது பெர்சனல் ட்ரெய்னிங். இதில்தான் பெரிய ஓட்டை. 36 செஷனுக்கு வேலிடிட்டி 90 நாள். அதாவது வாரம் 3, ஒரு வாரம்கூடத் தவறக்கூடாது. ஆனால் காலை 6 முதல் 8 வரை ஸ்லாட் கிடைக்காது, ஒரே ட்ரெய்னரிடம் பத்துப் பேர். வர முடியாவிட்டால் 12 மணி நேரம் முன்பே ஆப்பில் கேன்சல் செய்ய வேண்டும், இல்லையென்றால் அந்தச் செஷன் கழிந்துவிடும். ட்ரெய்னர் வராத நாளுக்கு அந்த விதி கிடையாது! செஷன் முடிந்தது என்று ஆப்பில் பதிவதும் ட்ரெய்னரே. நடக்காத செஷனும் "முடிந்தது" என்று ஏறுகிறது. 90 நாள் தாண்டியதும் மீதியெல்லாம் பூஜ்யம்.

கொடுத்த ஷெட்யூலும் ஆளை விரட்டுவது மாதிரிதான். புதிதாக வருபவருக்கு வாரம் 6 நாள், ஒரு நாள் மார்பு, ஒரு நாள் முதுகு, ஒரு நாள் கால் என்று. பழகாத தசையை முதல் வாரத்திலேயே இருபது செட் போட வைத்தால், 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வலி உச்சத்துக்குப் போகும். படி இறங்க முடியாது. அதோடு பாதிப் பேர் வர மாட்டார்கள். தெரிந்த ட்ரெய்னர் இதைச் செய்யவே மாட்டார்.

பிறகு அந்த ட்ரெய்னர் வேலையை விட்டார். அடுத்தது கிளை "ரெனவேஷன்" என்று பூட்டப்பட்டது; 9 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிளைக்குப் போகச் சொன்னார்கள். பணத்தைக் கேட்டால் வந்த பதில்கள்: "மேனேஜர் லீவ்ல இருக்கார் சார்." "ஹெட் ஆபீஸுக்கு மெயில் போட்டாச்சு சார்." "டிக்கெட் ரெய்ஸ் பண்ணிருக்கோம், 7 வொர்க்கிங் டேஸ்." "வேணும்னா வேற யாருக்காவது ட்ரான்ஸ்ஃபர் பண்ணிக்கோங்க, 3,000 ஆகும்." பொறுப்பு என்று சொன்ன சேல்ஸ் ஆளின் நம்பருக்கு வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு டிக்தான் விழுகிறது. கடைசியில் இன்று அந்த ஒரு வரிப் பதில். 42,000 ரூபாய்க்கு ஒரு வரி.

இஎம்ஐயை நிறுத்திவிடலாமே என்று கேட்பீர்கள். முடியாது, அதுதான் இதில் விஷம். "நோ காஸ்ட் இஎம்ஐ" என்பது ஜிம்முக்குக் கொடுக்கும் தவணை கிடையாது. ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கடன் போட்டு, வட்டியைக் கழித்துக்கொண்டு மீதியை ஜிம்முக்கு அப்போதே கொடுத்துவிடுகிறது. ஜிம் பூட்டினாலும் கடன் உங்களுடையது. தவணை தவறினால் பவுன்ஸ் சார்ஜ், சிபில் ஸ்கோர் அடி. ஐந்தாம் தேதி ஆனால் 3,500 போய்க்கொண்டே இருக்கும், 42,000 முடியும் வரை.

பூட்டியிருக்கும் ஜிம்முக்கு மறுபடி ஃபோன் போட வேண்டியிருக்கிறது, அதனால் சொல்ல வந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மாதா மாதம் மட்டும் கட்டுங்கள், "இன்னைக்கு மட்டும்தான் ஆஃபர்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஆப் வழியாகக் கடன் எடுத்துவிட்டீர்கள் என்றால் உடனே கடனின் விவரங்களைச் சுருக்கிக் கொடுக்கும் கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்டைத் திறந்து "கூலிங் ஆஃப்" எத்தனை நாள் என்று பாருங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டி அபராதமில்லாமல் வெளியேறலாம். பில் கேளுங்கள், 22-09-2025 முதல் ஜிம் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், இன்னும் 18 போட்டிருந்தால் விடாதீர்கள். வாக்குறுதி எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தில் இருக்கட்டும். ஆப்பில் செஷன் கணக்கை வாராவாரம் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள்.

ஃபார்மில் "நான்-ரீஃபண்டபிள்", அதாவது பணம் திரும்பக் கிடையாது, என்று இருப்பதால் பயப்படாதீர்கள். குறைபாடுள்ள சேவைக்குப் பணத்தைத் திருப்ப மறுப்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் பிரிவு 2(47) படி முறையற்ற வணிகம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார், அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் ஆணையத்துக்குக் கட்டணம் இல்லை, 2 வருஷத்துக்குள் போட வேண்டும்.

பயிற்சியைத் தொடர்வதற்கு: வாரம் 3 நாள், 40 நிமிஷம், ஸ்குவாட், புஷ் அப், இழுக்கும் பயிற்சி ஒன்று, இடுப்பை மடக்கித் தூக்குவது ஒன்று, ஒவ்வொன்றிலும் 2 செட், செட்டுக்கு 8 முதல் 12 தடவை, இன்னும் இரண்டு தடவை முடியும் என்ற நிலையில் நிறுத்துங்கள். இரண்டு வாரம் விட்டுப்போனால் எடையைக் குறைத்துத் தொடங்குங்கள். பேக்கேஜில் கையெழுத்துப் போடும் முன் ஃபார்மின் பின்பக்கத்தை ஃபோட்டோ எடுத்து வீட்டுக்குக் கொண்டு வந்து படியுங்கள், எடுக்க விடவில்லை என்றால் அங்கே சேராதீர்கள்.