பிறப்பில் காயம்பட்ட தோள் நரம்புக்கு அறுவை சிகிச்சை: கோவை மருத்துவமனை ஒன்றில் எங்கள் அனுபவம்

எங்கள் மகளின் இடது கை பிறந்த நாளிலிருந்தே துவண்டு கிடந்தது. பிரசவத்தில் தலை வெளிவந்த பின் தோள் சிக்கிக்கொண்டதால், கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் பிரேக்கியல் பிளெக்ஸஸ் என்னும் நரம்புப் பின்னல் இழுபட்டுக் காயமடைந்திருந்தது. கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் கை அறுவைப் பிரிவில் ஐந்தாம் மாதத்தில் அவளுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது அவளுக்கு மூன்றரை வயது. இதே கவலையோடு அலையும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

பிரசவம் பார்த்த இடத்தில், "தானாகச் சரியாகிவிடும், ஒரு வயது வரை பொறுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இது பாதி உண்மை என்பதுதான் ஆபத்து. பெரும்பாலான குழந்தைகளுக்கு அறுவை தேவைப்படுவதில்லை. ஆனால் மூன்று மாதமாகியும் முழங்கையை மடக்கும் தசை உயிர்பெறவில்லை என்றால், இந்தத் துறை வல்லுநர் ஒருவரிடம் குழந்தையைக் காட்டியே ஆக வேண்டும். எங்களுக்கு இதைச் சொன்னவர் தடுப்பூசி போடச் சென்ற இடத்தில் இருந்த குழந்தைகள் நல மருத்துவர். அவருக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

கோவையில் முதல் நாள் அறுவை பற்றிய பேச்சே எழவில்லை. மருத்துவர் குழந்தையின் சட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டு, தொடாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். விரல்கள் மூடித் திறக்கின்றனவா என்று கவனித்தார்; இடது கண்ணிமை தாழ்ந்திருக்கிறதா என்றும் பார்த்தார். இமை தாழ்ந்திருந்தால் பின்னலின் கீழ் வேர்களும் அறுந்திருக்கக்கூடும் என்று விளக்கினார். எண்ணெய் தேய்த்து உருவுவதை நிறுத்தச் சொல்லி, ஒவ்வொரு முறை துணி மாற்றும்போதும் மேற்கையை விலாவோடு ஒட்டிவைத்து, முன்கையை மெல்ல வெளிப்புறம் திருப்பும் பயிற்சியை என் மனைவியின் கையைப் பிடித்தே கற்றுக்கொடுத்தார். தோள் உள்பக்கம் இறுகிப்போகாமல் காப்பது இந்தப் பயிற்சிதான்.

நான்காம் மாத இறுதியிலும் முழங்கை மடங்கவில்லை. காறை எலும்புக்கு மேலே திறந்து, வடுவாகிப்போன நரம்புப் பகுதியை நீக்கி, கெண்டைக்காலிலிருந்து எடுத்த நரம்பை அந்த இடைவெளியில் ஒட்டினார்கள். பாதத்தின் வெளி ஓரத்தில் சிறிது மரத்திருக்கும் என்பதையும், நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால் பல மாதங்களுக்கு எந்த மாற்றமும் தெரியாது என்பதையும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அப்படிச் சொல்லியிராவிட்டால், அந்தக் காத்திருப்பில் நாங்கள் மனம் உடைந்து வேறு வைத்தியம் தேடிப் போயிருப்போம். அறுவை முடிந்த எட்டாம் மாதம், பிசியோதெரபி அறையில் வலது கையைப் பிடித்துக்கொண்டு இடது கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்தார்கள். அவள் கழுத்தை வெகுவாகக் குனிந்து, பாதி தூரம் கையை உயர்த்தி, அதன் ஓரத்தைக் கடித்துவிட்டாள். அந்த அறையில் யாரும் பேசவில்லை.

குறைகளும் உண்டு. முதலில் கொடுத்த செலவுக் கணக்கில் அறுவை மட்டுமே இருந்தது. வளர வளர மாற்ற வேண்டிய ஸ்பிளிண்டுகளும் (கையைச் சரியான நிலையில் தாங்கிப் பிடிக்கும் அணைப்புகள்), மாதந்தோறும் வந்துபோகும் செலவும் அதில் இல்லை. மறுபரிசோதனை நாள்களில் பச்சைக் குழந்தைகளோடு மூன்று மணி நேரம் காத்திருப்பது வழக்கமாக இருக்கிறது. பாலூட்டுவதற்கு ஒரு தனி இடமாவது ஒதுக்கியிருக்கலாம். தனியார் செலவைத் தாங்க இயலாதவர்கள், சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நெடுங்காலமாக இயங்கிவரும் கை அறுவைப் பிரிவை அணுகலாம்.

பலனைப் பொறுத்தவரை, முழங்கை நன்றாக மடங்குகிறது; தோளுக்கு மேல் கை ஏறுகிறது; ஆனால் முன்கையை வெளிப்புறம் திருப்பும் வலு குறைவாகவே உள்ளது. தலை வாரும்போது கை பின்னந்தலைக்கு எட்டுவதில்லை. இதற்கு முதுகுத் தசையின் நாண்களை இடம் மாற்றிப் பொருத்தும் இரண்டாம் அறுவை பலனளிக்கும் என்றும், அதற்கு முன் தோள் மூட்டின் வடிவத்தை எம்ஆர்ஐ மூலம் பார்க்க வேண்டும் என்றும் கூறியிருக்கிறார்கள். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். இரண்டாம் அறுவைக்கும் இதே இடத்திற்குத்தான் செல்லப்போகிறோம்.