பிரேக் பெடல் மெத்தென்று அமுங்குகிறதா: ஏர் எடுப்பதா, மாஸ்டர் சிலிண்டரை மாற்றுவதா?

பழைய வண்டியில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் உடனே மாஸ்டர் சிலிண்டரை (மிதிக்கும் அழுத்தத்தை பிரேக் ஆயிலுக்குக் கடத்தும் பாகம்) கழற்ற வேண்டாம். வண்டியை நிறுத்தி வைத்து, பெடலை நாலைந்து முறை வேகமாக மிதித்துப் பாருங்கள். மிதிக்க மிதிக்க இறுகினால் பெரும்பாலும் லைனில், அதாவது பிரேக் ஆயில் போகும் குழாயில், காற்று. டிரம் பிரேக் என்றால் டிரம்முக்கும் அதை அழுத்தும் ஷூவுக்கும் இடையிலான இடைவெளி கூடிப்போனதும் காரணமாகலாம். காற்றுதான் என்றால் ஏர் எடுத்தால், அதாவது அந்தக் காற்றை வெளியேற்றினால், போதும். நிப்பிளில் (சக்கரத்துப் பிரேக்கில் காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகு) மாட்டிய குழாயில் குமிழி நின்று ஆயில் சீராக வரும்வரை விடாதீர்கள். செலவும் பிரேக் ஆயிலுக்கு மட்டும்தான். ஈரத்தை உறிஞ்சிக் கறுத்துப்போன பழைய ஆயிலும் அதோடு வெளியேறிவிடும்.

சரி, ஒரே அழுத்தமாக மிதித்துப் பிடித்தால் பெடல் மெல்ல மெல்லக் கீழே போகிறதா? வெளியே எங்கும் கசிவும் இல்லையா? அப்படியானால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் சீல் தேய்ந்து, ஆயில் உள்ளுக்குள்ளேயே பின்வாங்குகிறது என்றுதான் சந்தேகிக்க வேண்டும். எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பலனிருக்காது. மாற்றத்தான் வேண்டும்; மாற்றிய பிறகு ஏரும் எடுத்தாக வேண்டும்.

ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதிக்காதீர்கள். மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டன் வழக்கமாகப் போகாத இடத்தில் துரு படிந்திருக்கலாம். நல்ல சீலும் அங்கே உரசிக் கிழிந்துவிடும். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்துக்கொள்ளுங்கள்.