சீனித்துளசி என்று சொல்லி எரித்ரிட்டாலைத் தலையில் கட்டிவிட்டார்கள், 3,840 ரூபாய்!

மும்பைத் தமிழர்களே, வீட்டில் சர்க்கரையும் இதய நோயும் சேர்ந்த பெரியவர்கள் இருந்தால் இதைக் கட்டாயம் படியுங்கள். கொதிப்பு அடங்காமல்தான் எழுதுகிறேன்.

செம்பூரில் எங்களோடு இருக்கும் அப்பாவுக்குச் சர்க்கரை. போன வருடம் ஸ்டென்ட்டும் வைத்தாயிற்று. ஃபில்டர் காபியை மட்டும் விடமாட்டார். வெறும் ஸ்டீவியா, அதாவது சீனித்துளசி இலையின் இனிப்பு என்றால் கொஞ்சம் போட்டுக்கொள்ளட்டும், எரித்ரிட்டால் என்ற சர்க்கரை மாற்று கலந்தது வேண்டாம் என்றார் இதய மருத்துவர். அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக் மருத்துவமனையில் ஸ்டான்லி ஹேசன் குழு 2023-ல் 4,000 பேருக்கு மேல் ஆராய்ந்தபோது, ரத்தத்தில் எரித்ரிட்டால் மிக அதிகமாக இருந்தவர்களுக்கு அடுத்த 3 ஆண்டுகளில் மாரடைப்பு, பக்கவாத ஆபத்து சுமார் இரு மடங்கு இருந்தது. எரித்ரிட்டால்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை, தொடர்பைத்தான் காட்டியது. ஆனால் 2024-ல் ஆரோக்கியமானவர்களுக்கு 30 கிராம் கலந்து குடிக்கக் கொடுத்துப் பார்த்தபோது, ரத்தத் தட்டணுக்கள் சுலபமாக உறையும் நிலைக்குப் போயின. ஸ்டென்ட் வைத்த வீட்டில் இதைக் கேட்டபின் சும்மா இருக்க முடியுமா?

அதனால்தான் சர்க்கரை நோயாளிகளுக்கான பொருட்கள் விற்கும் ஓர் இணையக் கடைக்கு போன் செய்தே விசாரித்தேன். என் இந்தியைக் கேட்டதும் அந்தப் பெண், "நீங்க தமிழா அண்ணா?" என்றார். இந்த ஊரில் அந்த ஒரு கேள்வி போதும், மனசு இளகிவிடும். ஸ்டென்ட் விஷயத்தைச் சொல்லி, எரித்ரிட்டால் இருக்கிறதா என்று பெயர் சொல்லியே கேட்டேன். "இல்லவே இல்லை அண்ணா, நூறு சதவீதம் சீனித்துளசி. எங்க அப்பாவுக்கும் இதைத்தான் கொடுக்கிறேன்" என்றார். அப்பாவைச் சொல்லி ஒருத்தி பொய் சொல்வாளா? நான்கு டப்பாவுக்கு 3,840 ரூபாய் அனுப்பினேன்.

டப்பாவின் முன்பக்கம் பச்சை இலைப் படம். பின்பக்கம், கலந்திருக்கும் பொருட்களின் பட்டியல் மேலேயே கடையின் தள்ளுபடி ஸ்டிக்கர்! உரித்துப் பார்த்தால் முதல் பெயரே எரித்ரிட்டால். ஸ்டீவியா கடைசியில், பேருக்கு.

உடனே கூப்பிட்டேன். ஸ்டிக்கரை உரித்ததால் திரும்ப எடுக்க முடியாதாம். உரிக்காமல் எப்படித் தெரியும்? அடுத்து பேசியவர், "பழத்திலேயே இருக்கிற பொருள்தான் சார், இயற்கையானது" என்று பாடம் நடத்தினார். திராட்சையில் துளி இருப்பதும், டப்பா முழுக்க அதுவே இருப்பதும் ஒன்றா? தமிழ் பேசிய எண் இப்போது எடுப்பதே இல்லை. மின்னஞ்சலுக்கு, "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று பதில். எனக்கு 3,840 ரூபாய் முக்கியம். அதைவிட, பார்க்காமல் விட்டிருந்தால் தினமும் அப்பாவின் டம்ளரில் இதுதான் விழுந்திருக்கும்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. பட்டியலில் முதலில் வருவதுதான் எடையில் அதிகம். பெயருக்குப் பதில் ஐஎன்எஸ் 968 என்ற உணவுச் சேர்பொருள் எண் இருந்தால் அதுவும் எரித்ரிட்டால்தான். ஸ்டீவியா சாறு சர்க்கரையைவிட 200 முதல் 300 மடங்கு இனிப்பு, அதனால் ஸ்பூன் ஸ்பூனாகப் போடும் பொடி என்றாலே வேறு ஏதோ கலந்திருக்கிறது. மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருள் இருந்தால் அது ரத்தச் சர்க்கரையை ஏற்றும். பின்பக்கப் படம் காட்டாத கடையில் வாங்காதீர்கள், போனில் சொல்வதை எழுத்தில் கேளுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்தாயிற்று. 3,840 ரூபாய் இதுவரை வரவில்லை.