பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் நாயா, பூனையா? என் வாக்கு பூனைக்கே

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் பிள்ளைத்தாய்ச்சியானால் வீட்டைவிட்டு முதலில் துரத்தப்படுவது பூனைதான். நாய் முற்றத்தோடு நிற்கிற சீவன், கேற்றைப் பார்த்துக்கொள்ளும், அது இருக்கட்டும் என்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் இருந்தன. நாங்கள் செய்தது தலைகீழ். சின்னி வீட்டிலேயே இருக்கிறாள். ஜிம்மி சாவகச்சேரியில் அண்ணாவின் வளவுக்குப் போய்விட்டான். மகள் பிறந்து கவிழத் தொடங்கிவிட்டாள், இன்னமும் யாராவது வந்து “நாயை விட்டிட்டுப் பூனையையோ வைச்சிருக்கிறீர்?” என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடுவது லேசு.

இரண்டுக்கும் பொதுவானதை முதலில் முடித்துவிடுகிறேன். விசர்நாய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் போட்டிருக்க வேண்டும், பூனைக்கும்தான். பூச்சி மருந்து நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். தெள்ளும் உண்ணியும் பார்க்க வேண்டும். சாப்பாட்டுச் செலவில் பெரிய வித்தியாசமில்லை. சோறும் அவித்த சூடை மீனும் இருவருக்கும் ஒத்துவரும்.

இனி நாய். வீட்டில் என்னவோ மாறுகிறது என்று முதலில் கண்டுகொண்டது ஜிம்மிதான், என் வயிறு வெளியே தெரிவதற்கு முன்னமே. மனிதரின் மூக்கில் மணம் பிடிக்கும் கலங்கள் ஐம்பது, அறுபது இலட்சம் என்றால் நாய்க்கு இருபது கோடிக்கு மேல் என்பார்கள். கர்ப்பத்தில் ஹோர்மோன்கள் மாறுவதால் உடம்பின் மணமும் மாறும். ஆனாலும் நாய் கர்ப்பத்தையே மணந்து அறிகிறது என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு ஆராய்ச்சி இல்லை. அதற்கு மூக்கே தேவையில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. காலையில் எழும்பும் நேரம் மாறியது, கிணற்றடியில் சத்தி எடுத்தேன், வேலைக்குப் போகாமல் பகலில் படுத்திருந்தேன். நாள் முழுக்க எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் சீவனுக்கு இவ்வளவும் போதும்.

விறாந்தைப் படியில் படுக்கிறவன் அறை வாசலுக்குக் குறுக்கே படுக்கத் தொடங்கினான். கிணற்றடிக்குப் போனால் கூடவே வருவான். முந்தி மேலே பாய்ந்து காலைத் தூக்கி வைப்பவன், தானாகவே அதை விட்டுவிட்டான். எல்லாருக்கும் பெரிய புளுகம். “வாயில்லாச் சீவனுக்கு எவ்வளவு பாசம்” என்று அம்மா வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவா.

அந்தப் பாசம் எங்கே இடித்தது என்றால், மிட்வைஃப் வந்தபோது. அவவை ஜிம்மிக்கு முன்னமே தெரியும். ஸ்கூட்டிச் சத்தம் கேட்டால் வாலாட்டுவான். அன்று விறாந்தைக் கதிரையில் என்னைச் சரிந்து இருக்கச் சொல்லி வயிற்றில் கை வைக்கக் குனிந்தா. ஜிம்மி குரைக்கவில்லை. எழும்பி வந்து என் முழங்காலுக்கும் அவவின் கைக்கும் நடுவில் நின்றான். வால் ஆடவில்லை. மேல் உதடு ஒரு பக்கம் சுருங்கி, நெஞ்சுக்குள்ளிருந்து உறுமல் வந்தது. அவ மெதுவாகக் கையை எடுத்து, கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, “தங்கச்சி, இவரைக் கட்டிப்போட்டுக் கூப்பிடுங்கோ” என்று சொன்னா. அதற்குப் பிறகு கேற்றடியில் நின்று ஹோர்ன் அடித்துவிட்டுத்தான் வருவா.

என் தீர்ப்பை முடிவு செய்தது இந்த ஒரு விஷயம்தான். மற்ற எல்லாம் இதற்குப் பின்னால். கர்ப்பம் என்றால் வீட்டுக்குள் ஆள் வருவது கூடுகிறது. மிட்வைஃப் பிள்ளை பிறக்கமுன்னும் வருவா, பிறந்தபின்னும் வருவா. மாமிமார் பலகாரத்தோடு வருவார்கள். பிள்ளை பிறந்தால் மருந்துச் சரக்கு அரைக்கவும் குளிக்க வார்க்கவும் ஒருவர் வருவார். பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்கு வரும், அன்று வீடு நிறையச் சனம். நல்லூர்த் திருவிழா 25 நாளும் பிள்ளை பிறந்த காலத்தோடு வந்து விழுந்தால், கனடாவிலிருந்து வந்த சொந்தமெல்லாம் கோயிலால் நேரே பிள்ளை பார்க்க வரும். வருகிற ஒவ்வொருவரும் செய்கிற முதல் வேலை தாயைத் தொடுவது, இரண்டாவது பிள்ளையைத் தூக்குவது. காவல் காக்கிற நாய்க்குப் பிடிக்காததும் அந்த இரண்டும்தான்.

கட்டிப்போட்டால் சரிதானே என்பார்கள். நாங்களும் கட்டினோம். பகலில் நெடுநேரம் கட்டிப்போட்டிருக்கிற நாய் சாந்தமாகாது. சங்கிலி எட்டும் தூரம்வரை பாய்ந்து பாய்ந்து இன்னும் சினக்கும். பழக்கி எடுக்கலாம், அது உண்மை. ஆள் வரும்போதெல்லாம் பிஸ்கட் துண்டு கொடுத்து, தன் பாயில் போய் இருக்கச் சொல்லி, அது இருந்தபிறகே வந்தவரை உள்ளே எடுப்பது. பிள்ளை தங்கிய முதல் மாதங்களிலேயே தொடங்கினால் பலன் இருக்கும். ஆனால் அதற்கு இழுவையைத் தாங்கக்கூடிய ஒரு ஆள் பகலில் வீட்டில் வேண்டும். இவர் காலையில் வேலைக்குப் போனால் பின்னேரம்தான். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். மிஞ்சியது நான், ஏழாம் மாத வயிற்றோடு. நாய் கடித்தால் விசர்நாய்த் தடுப்பூசியைப் பிள்ளைத்தாய்ச்சிக்கும் போடலாம், அதில் தடையில்லை. என்றாலும் எங்களைப் பார்க்க வருகிற மனிசியை எங்கள் நாய் கடித்தால் எந்த முகத்தோடு அடுத்த கிளினிக்குக்குப் போவது?

சின்னி என்ன செய்தாள் என்று கேட்டால், சொல்லப்போனால் ஒன்றுமில்லை. பூனை வயிற்றில் ஏறிப் படுத்துப் பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்கிறது என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். பூனைக்கு 30 பாகைக்கு மேற்பட்ட சூடுதான் இதம். கர்ப்பத்தின் தொடக்கத்தில் புரொஜெஸ்ரரோனால் தாயின் உடம்புச் சூடு சற்றுக் கூடும். குளிர்தேசத்தில் அது வயிற்றைத் தேடி வருவதில் ஆச்சரியமில்லை. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் சின்னி சீமெந்து நிலத்தில் நாலு காலையும் நீட்டிக் கிடந்தாள். மாரி மழை இரவுகளில் மட்டும் மடிக்கு வந்தாள், அதுவும் முந்தியும் வந்ததுதான். மிட்வைஃப் வந்தால் அலுமாரிக்குப் பின்னால் ஒளித்துவிடுவாள். நாயின் பாசத்தை விட அந்த அலட்சியம்தான் எனக்கு வசதியாக இருந்தது.

மாமி பயந்தது வேறு விஷயத்துக்கு, முட்டு என்கிற ஆஸ்துமாவுக்கு. “பிள்ளை, பூனை மயிர் வயித்துக்குள்ளை போனால் குழந்தைக்கு முட்டு வரும்.” விழுங்கிய மயிர் கர்ப்பப்பைக்குப் போகாது, சமிபாட்டுக் குழாயோடு வெளியே போய்விடும். டாக்டர்மார் எச்சரிப்பது ரொக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கு. கர்ப்பத்தில் முதன்முதலாகத் தொற்றினால் சிசுவின் கண்ணையும் மூளையையும் அது பாதிக்கலாம், விளையாட்டில்லை. ஆனால் அது எப்படி வருகிறது என்று பார்த்தால் பூனையைத் துரத்துவது எவ்வளவு அரைகுறை வைத்தியம் என்று விளங்கும். எலியையோ பச்சை இறைச்சியையோ தின்று முதல்முறை தொற்றும்போது, பூனை பெரும்பாலும் 1 முதல் 3 கிழமை வரை அதன் முட்டைகளை மலத்தோடு வெளியேற்றும். வெளியே வந்த முட்டை உடனே தொற்றாது, 1 முதல் 5 நாள் ஆக வேண்டும். ஆகவே மலத்தை அன்றன்றே வேறொருவர் அள்ளிவிட்டால் பெரும்பங்கு ஆபத்து போய்விடும். எங்கள் வீட்டில் பின்வளவுக் கொட்டிலில் பழைய பேசினில் மணல் போட்டு வைத்தோம். இவர் வேலைக்குப் போகமுன் அள்ளிப் புதைப்பார்.

அள்ளாமல் விட்டது மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். எங்கள் மதிலில் ஊர்ப்பூனைகள் எத்தனை நடக்கின்றன! சின்னியைத் துரத்தினாலும் அவை வல்லாரைப் பாத்தியில் தோண்டிவிட்டுத்தான் போகும். அந்த வல்லாரையைத்தான் பச்சையாக அரிந்து தேங்காய்ப்பூப் போட்டுச் சம்பல் சாப்பிடுகிறோம். ஆகவே நான் பூனையை விட்டுவிட்டு மற்றதை மாற்றினேன். பாத்தியில் கை வைப்பதை நிறுத்தினேன். கீரையைச் சம்பல் போடாமல் வறையாக்கினேன். இறைச்சி பிரச்சினையில்லை, ஆட்டிறைச்சியை அரைவேக்காட்டில் சாப்பிடும் வழக்கம் இங்கே எங்கே இருக்கிறது? சின்னிக்கும் அவித்த மீன்தான். அவள் அணில் பிடிக்கிறதை மட்டும் முழுக்கத் தடுக்க முடியவில்லை. கிளினிக்கில் டாக்டரிடம் பூனை இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுங்கள்.

பூனையில் உள்ள தலையிடி பிள்ளை பிறந்தபிறகு வருகிறது. தொட்டிலை மாதக்கணக்குக்கு முன்பே வைத்துப் பூனையைப் பழக்கச் சொல்லி வெளிநாட்டு ஆலோசனை சொல்லும். எங்களிடம் பிறக்கமுன் ஏணை என்கிற சீலைத் தொட்டில் கட்டக்கூடாது. ஆகவே ஏணை, நுளம்பு வலை, பால் மணம், அழுகை எல்லாம் சின்னிக்கு ஒரே நாளில் வந்தன. பிள்ளை என் மடியில் இருக்க, அவள் ஏணைக்குள் சுருண்டு படுத்திருந்தாள். அன்றிலிருந்து பிள்ளை இல்லாத நேரம் ஏணைச் சீலையைச் சுருட்டி மேலே கட்டிவிடுவோம். இரவில் அறைக்கதவு பூட்டு. பிள்ளையையும் பூனையையும் தனியே விடுவதேயில்லை. இதற்கு உடம்புப் பலம் வேண்டாம், ஞாபகம் இருந்தால் போதும். எட்டாம் மாதத்திலும் பிள்ளை பெற்ற களைப்பிலும் அந்த வித்தியாசம் சின்னதில்லை.

இது ஒரு நாயும் ஒரு பூனையும் தந்த அனுபவம். ஜிம்மி ஆண், ஊர்நாய், முற்றத்தில் வளர்ந்தவன். வீட்டுக்குள் வளர்ந்த பொமேரியன் வேறு மாதிரி இருக்கலாம். வீட்டில் முட்டு வருத்தக்காரர் இருந்தால் பூனைக்கு வாக்குக் கேட்க மாட்டேன். கணவர் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்க, நீங்களும் வயதான அம்மாவும் மட்டும் பெரிய வளவில் இருக்கிறீர்கள், கள்ளர் பயமும் உண்டு என்றால், என் கணக்கு அப்படியே புரளும். அப்போது நாயை வைத்துக்கொள்ளுங்கள், ஆள் பழக்குவதை இன்றைக்கே தொடங்குங்கள், மிட்வைஃபிடம் உங்கள் போன் நம்பரைக் கொடுத்து வரமுன் அடிக்கச் சொல்லுங்கள்.

ஜிம்மி சாவகச்சேரியில் நன்றாகச் சாப்பிடுகிறான், அண்ணாவின் பின்னால் திரிகிறான். மகள் எழும்பி நடக்கத் தொடங்கியபின் கூட்டிவர யோசனை. தவழும் பிள்ளை மண்ணை அள்ளி வாயில் வைக்கும். நாயின் வட்டப்புழு முட்டை அப்படித்தான் உள்ளே போகும். வரமுன் பூச்சி மருந்தும் தடுப்பூசியும் கொடுப்பதாக அண்ணா ஏற்றிருக்கிறார். செலவு எங்களுடையது.