கைப்பரா, போன்ஹோஃபரா? வாலிபர் வகுப்புக்கு நான் எடுத்தது

பெங்களூர் காக்ஸ் டவுன் பக்கம் எங்கள் தமிழ்ச் சபையில் வாலிபர்களுக்கு ஆறு வார வகுப்பு எடுத்தேன். குடும்பம், வேலை, அரசு, சபை எல்லாம் ஆண்டவர் படைப்பிலேயே வைத்த ஒழுங்கா என்பதுதான் பொருள். நெதர்லாந்து இறையியலாளர் ஆபிரகாம் கைப்பர், ஹிட்லர் காலத்து ஜெர்மன் இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் இருவரையும் படித்துவிட்டு, போன்ஹோஃபரை எடுத்துக்கொண்டேன்.

இருவரும் ஒத்துப்போகும் இடம் தெளிவு: அரசு எல்லாவற்றுக்கும் எஜமான் அல்ல. குடும்பத்துக்கும் சபைக்கும் அதிகாரம் கடவுளிடமிருந்து வருகிறது. கைப்பர் இதை 1880ல் ஆம்ஸ்டர்டாமில் தாம் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் திறப்பு உரையில் சொன்னார். 1901ல் நெதர்லாந்தின் பிரதமரும் ஆனார். சபைக் கமிட்டி பள்ளிக்கூட விஷயத்தில் எவ்வளவு தலையிடலாம் என்று கேட்டால், இன்றும் அவரைத்தான் கையில் கொடுப்பேன்.

ஆனால் எனக்கு முடிவு சொன்னது ஜாதிதான். முதல் வாரம் வகுப்பு முடிந்து வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு அங்கிள் மகளுக்கு வரன் பார்க்கும் பயோடேட்டாவை நீட்டினார். சபையின் பெயருக்குக் கீழே ஜாதி, அதற்கும் கீழே உட்பிரிவு. "தம்பி, குடும்பம் ஆண்டவர் வைத்த ஒழுங்குன்னா, எந்தக் குடும்பத்துல பிறக்கணும்கிறதும் அவர் வைத்ததுதானே?" என்றார். மனதாரக் கேட்டார்.

இது நம் சபைகளுக்குப் பழைய கேள்வி. 1833ல் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று உத்தரவிட்டார். பிற்பாடு ஜெர்மன் லூத்தரன் அமைப்பான லைப்சிக் மிஷனின் தலைவர் கார்ல் கிரவுல், அது சமூக ஒழுங்கு, மெல்ல மாறட்டும் என்ற பக்கம் நின்றார். ஜெர்மனியிலோ 1934ல், ஹிட்லர் ஆட்சியில், எலர்ட், அல்ட்ஹவுஸ் என்ற லூத்தரன் இறையியலாளர்கள் கையெழுத்திட்ட அன்ஸ்பாக் அறிக்கை, குடும்பத்தோடு இனத்தையும் ரத்த உறவையும் கடவுள் வைத்த ஒழுங்குகளின் வரிசையில் சேர்த்தது.

அந்தக் காலத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் போன்ஹோஃபர். அதனால் 'ஒழுங்கு' என்ற சொல்லை விட்டுவிட்டு, கடவுள் கட்டளையிட்டு ஒப்படைத்த பொறுப்புகள் என்ற பொருளில் நான்கைச் சொன்னார்: வேலை, திருமணம், அரசு, சபை. ஒன்று நெடுங்காலமாக இருக்கிறது என்பதால் தெய்வீகமாகிவிடாது; கிறிஸ்துவில் வெளிப்பட்ட கட்டளை அதற்கு இருக்க வேண்டும். திருமணத்துக்கு அது உண்டு, உட்பிரிவுக்குக் கிடையாது. அங்கிளிடம் இதைத்தான் சொன்னேன். பதில் சொல்லவில்லை, ஆனால் அடுத்த வாரமும் வந்தார்.

கைப்பரை வைத்தும் ஜாதியை மறுக்கலாம். படைப்பு வேறு, பாவம் அதைக் கோணலாக்கியது வேறு என்று அவர் வழிவந்தவர்கள் நன்றாகவே வாதிடுகிறார்கள். சரி, எது படைப்பு, எது கோணல் என்று பிரிப்பது யார்? தென்னாப்பிரிக்காவில் நிறவெறிப் பிரிவினையை நியாயப்படுத்தியவர்களும் அவர் பெயரைச் சொன்னார்கள். அந்தக் கதவு திறந்திருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

போன்ஹோஃபரிலும் இடைவெளி உண்டு. இந்த நான்கில் நட்பை எங்கே வைப்பது என்று ஹிட்லர் ஆட்சி அடைத்த சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே யோசிக்கிறார். அப்புறம், அவர் சொல்லும் அதிகாரம் மேலிருந்து கீழே வருவது. வீட்டில் அது ஆண்கள் கையில் எப்படிப் போய் முடியும் என்று நான்காம் வாரம் ஒரு பெண் கேட்டார். நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. ஒரே ஒரு முறை வகுப்பு எடுத்த அனுபவம்தான் எனக்கு. அடுத்த முறை அந்தப் பெண்ணின் கேள்விக்கென்று தனியாக ஒரு வாரம் ஒதுக்கப்போகிறேன்.